ஸ்டேஷனை மூடியது பேயா?

மேற்கு வங்காளத்தில் புருலியா ஜில்லாவில் பேகுன்கோதர் என்று ஒரு சிறு ரயில்வே ஸ்டேஷன் இருக்கின்றது. அது பெரிய ஜங்ஷனும் அல்ல. க்ஷேத்திர ஸ்தலமும் அல்ல. கோட்சிலாவுக்கும் ஜால்தாவுக்கும் நடுவில், செம்மண் மேட்டு நிலத்தில், சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் ஏறி இறங்குவதற்கென்று ஏற்பட்ட ஒரு சாதாரண கிராமத்து ஸ்டேஷன். அப்படிப்பட்ட ஒரு ஸ்டேஷனைப் பற்றித் தலையங்கம் எழுத வேண்டிய அவசியம் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். அவசியம் இதுதான். அந்த ஸ்டேஷன் 1967ஆம் வருஷம் முதல் 2009ஆம் வருஷம் வரையில் 42 வருஷ காலம் மூடிக் கிடந்தது. வெள்ளம் வந்து பாதை அடித்துக்கொண்டு போனதா? இல்லை. பாலம் இடிந்ததா? இல்லை. சுற்றிலும் இருந்த ஊர்கள் பாழாய்ப் போனதா? அதுவும் இல்லை. வண்டிகள் அந்த வழியே தினமும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் நிற்கவில்லை. காரணம் கேட்டால், அங்கே ஒரு பேய் இருக்கிறது என்று பதில் சொல்லப்பட்டது!

பாட்டி பேரனுக்குச் சொன்ன கதையாய் இருந்தால் நாம் சிரித்துவிட்டுப் போகலாம். குக்கிராமத்துக் கோடங்கி சொன்னதாய் இருந்தால் அவன் வயிற்றுப் பிழைப்பு என்று விட்டுவிடலாம். ஆனால் இங்கே பேய்க்கு அடங்கியவர்கள் யார்? நீராவி இயந்திரமும், தந்திக் கம்பியும், நிமிஷக் கணக்கில் கால அட்டவணையும் வைத்துக்கொண்டு, விஞ்ஞானத்தையே மூலதனமாகக் கொண்டு நடக்கிற ஒரு சர்க்கார் ரயில்வே! ஆகவேதான் இதை ஊர்க்கதை என்று ஒதுக்கிவிடாமல் பொது விஷயமாக ஆராயவேண்டும் என்கிறோம்.

ஸ்டேஷன் ஏற்பட்ட விதம்

புருலியா ஜில்லா என்பது பழைய மான்பூம் ஜில்லாவின் ஒரு பகுதி. 1956ஆம் வருஷம் எல்லைகளைத் திருத்தியமைத்தபோது பீகாரில் இருந்த இந்தப் பகுதி மேற்கு வங்காளத்தோடு சேர்க்கப்பட்டது. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் ஒரு போகம் நெல். பொய்த்தால் அதுவும் இல்லை. சாந்தால், குர்மி முதலிய உழைக்கும் மக்கள் நிறைந்த இடம். நடவுக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஆணும் பெண்ணும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கிழக்கே பர்துவான் முதலிய ஜில்லாக்களுக்குக் கூலிக்குப் போவது அங்கே தலைமுறை தலைமுறையாய் நடந்து வருகிற வழக்கம். காட்டில் அரக்கு சேகரித்து விற்பதும் ஒரு பிழைப்பு. இப்படிப்பட்ட ஜனங்களுக்கு ரயில் என்பது உல்லாசப் பிரயாணத்துக்கு ஏற்பட்ட சாதனம் அல்ல. கூலிக்குப் போகவும், சந்தைக்குப் போகவும், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவும் அவர்களுக்கு இருக்கிற கால் அது ஒன்றேயாகும்.

இந்தப் பக்கத்தில் ரயில் வந்தது புதிதல்ல. பெங்கால் நாகபுரி ரயில்வே கம்பெனியார் காலத்திலேயே, 1907இல், புருலியாவிலிருந்து ராஞ்சிக்கு இரண்டரை அடி அகலமுள்ள குறுகிய பாதை திறக்கப்பட்டது. பிற்காலத்தில் அகலப் பாதை வந்தது. பேகுன்கோதரில் ஸ்டேஷன் ஏற்பட்டதோ 1960ஆம் வருஷத்தில்தான். சாந்தால் மக்களின் அரசியார் என்று சொல்லப்படும் லாச்சன் குமாரி என்னும் அம்மையார் அதற்காகப் பாடுபட்டார் என்றும், அவருடைய முயற்சியும் ரயில்வேயாரின் சம்மதமும் சேர்ந்தே அந்த ஸ்டேஷன் கிடைத்தது என்றும் சொல்லுகிறார்கள்.

இதை வாசகர்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். படிப்பும் பணமும் இல்லாத மக்களுக்காக ஒரு பெண்மணி முயன்று ஒரு ஸ்டேஷனைக் கொண்டுவந்தார். ஏழு வருஷத்துக்குள் இல்லாத ஒரு பெண்ணின் பேரைச் சொல்லி அந்த ஸ்டேஷன் மூடப்பட்டது.

பேய் வந்த விதம்

1967இல் அந்த ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு சிப்பந்தி, இரவில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் தண்டவாளத்தின் மேல் நடந்து போவதைப் பார்த்ததாகச் சொன்னாராம். தண்டவாளத்தில் விழுந்து மாண்ட ஒருத்தியின் ஆவி அது என்று உடனே விளக்கமும் கிடைத்ததாம். கொஞ்ச காலத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் இறந்து போனாராம். பேய் அடித்தே இறந்தார் என்று ஊரெல்லாம் பேச்சுக் கிளம்பிற்றாம். அதற்குப் பிறகு அந்த ஸ்டேஷனுக்கு மாற்றப்பட்டவர்கள் எவரும் அங்கே போய் வேலை ஒப்புக்கொள்ள மறுத்தார்களாம். ஆள் இல்லாததால் வண்டி நிற்பது நின்றது. வண்டி நிற்காததால் ஜனங்கள் வருவது நின்றது. ஜனங்கள் வராததால் கட்டிடம் பாழடைந்தது. கட்டிடம் பாழடைந்ததால் பேய் அங்கே குடியிருப்பது ருஜுவாகிவிட்டது!

நாளாக ஆகப் பேயும் வளர்ந்தது. அவள் நடந்தாள் என்று ஒருவர் சொன்னது போய், ரயிலோடு போட்டி போட்டு ஓடினாள் என்று இன்னொருவர் சொன்னார். தண்டவாளத்தின் மேல் ஆடினாள் என்று மூன்றாமவர் சொன்னார். அந்த இடம் வந்தால் பிரயாணிகள் ஜன்னலை இழுத்து மூடிக்கொள்வார்கள் என்றும், டிரைவர்கள் வண்டியை வேகமாய் விடுவார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். கண்ணால் பார்த்த சாட்சிகள் ஒருவருக்கொருவர் முரணாய்ச் சொன்னால் கோர்ட்டில் வழக்குத் தள்ளுபடியாகும். பேய் வழக்கில் மாத்திரம் சாட்சிகள் முரணாய்ச் சொல்லச் சொல்ல வழக்குப் பலப்படுகின்றது.

நாம் கேட்கிறோம்: கிராமத்துச் சிறு ஸ்டேஷனில் இரவு வேலை செய்கிறவனுடைய நிலை என்ன என்று யாராவது யோசித்தார்களா? ஒற்றைப் பாதையில் ஒரு வண்டியை விடுவதானால் அடுத்த ஸ்டேஷனிலிருந்து லைன் கிளியர் வாங்கியாக வேண்டும். அதற்காக வண்டி வரும் வரையில் தூங்காமல் மணிச் சத்தத்திற்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் காடு. கையில் ஒரு எண்ணெய் விளக்கு. அது நீராவி இஞ்சின் ஓடிய காலம். இஞ்சின் விட்டுச் சென்ற ஆவி, நிலா வெளிச்சத்தில் பாதைமேல் வெள்ளையாய்த் தவழ்ந்தால் எப்படி இருக்கும்? குளிர்காலத்து மூடுபனியில் தூரத்தில் போகும் ஒரு கூலிக்காரியின் வெள்ளைத் துணி எப்படித் தெரியும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் ஊர்க் கிழவிகள் சொல்லியிருக்கிறார்களே, அந்த அளவு விவேகங்கூட ரயில்வே காரியாலயத்தில் இல்லாமற் போய்விட்டது.

ஸ்டேஷன் மாஸ்டர் இறந்தார் என்கிறார்கள். இறந்திருக்கலாம். மனிதன் என்றால் வியாதியும் வரும், சாவும் வரும். தாசில்தார் இறந்தால் தாலுகாக் கச்சேரியை மூடுகிறோமா? வாத்தியார் இறந்தால் பள்ளிக்கூடத்தை இழுத்துப் பூட்டுகிறோமா?

பேயும் வருமானமும்

தண்டவாளத்தில் விழுந்து இறந்தவர்கள் பேயாய் அலைவார்கள் என்பது உண்மையாயிருக்குமானால், முதலில் பேய் அலைய வேண்டிய இடம் பேகுன்கோதர் அல்ல, பம்பாய் நகரம். அந்த நகரத்தைச் சுற்றியுள்ள ரயில் பாதைகளில் 2010ஆம் வருஷம் முதல் 2019ஆம் வருஷம் வரையில் வருஷம் தவறாமல் 2000 பேருக்கு மேல் உயிரிழந்திருக்கிறார்கள். பாதையைக் கடக்கும்போது அடிபட்டவர்களும், நெரிசலில் தொங்கிக்கொண்டு போய் விழுந்தவர்களும் இதில் அடக்கம். அத்தனை பேரும் பேயாய் வந்திருந்தால் அந்த ஊர் பிளாட்பாரங்களில் மனிதன் நிற்க இடம் இருக்காது. ஆனால் அங்கே ஒரு ஸ்டேஷனாவது பேய்க்குப் பயந்து மூடப்பட்டதுண்டா? ஒரே ஒரு வண்டியாவது நிற்காமல் போனதுண்டா? கிடையாது. ஏன்?

தினமும் லட்சக்கணக்கான டிக்கட் விற்கிற இடத்தில் பேய்க்கு வேலை இல்லை. பத்துப் பேரும் இருபது பேரும் ஏறுகிற இடத்தில், அந்தப் பத்துப் பேரும் கந்தல் கட்டிய கூலிகளாய் இருக்கிற இடத்தில், அவர்களுக்காகப் பார்லிமெண்டில் கூச்சல் போட ஆள் இல்லாத இடத்தில்தான் பேய்க்கு வேலை கிடைக்கின்றது. அப்படியானால் இந்தப் பேய் வருமானக் கணக்குப் படித்த பேய் என்றுதானே சொல்ல வேண்டும்?

இங்கிலாந்தில் 1963ஆம் வருஷம் டாக்டர் பீச்சிங் என்பவர், வருமானம் போதவில்லை என்று காரணம் காட்டி, 2363 ஸ்டேஷன்களை மூடவேண்டும் என்று ஒரு அறிக்கை கொடுத்தார். அது நியாயமா அநியாயமா என்பது வேறு விஷயம். ஆனால் அந்த அறிக்கையில் கணக்கு இருந்தது. கணக்கு இருந்ததால் எதிர்க்கணக்குக் காட்ட முடிந்தது. கூட்டம் போட்டு ஆட்சேபிக்க முடிந்தது. சில ஸ்டேஷன்களைக் காப்பாற்றவும் முடிந்தது. பேயை எதிர்த்து எந்தக் கணக்கைக் காட்டுவது? எந்தக் கோர்ட்டில் அப்பீல் செய்வது? ஒரு நிர்வாகம் தன் கடமையைக் கைவிடுவதற்குக் காரணம் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமற் செய்து கொடுத்ததுதான் அந்தப் பேய் செய்த பேருபகாரம்.

லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு?

எந்த மூடநம்பிக்கையை எடுத்துக்கொண்டாலும், இதனால் லாபம் அடைகிறவன் யார், நஷ்டம் அடைகிறவன் யார் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் பாதி உண்மை வெளிவந்துவிடும். ரயில்வேக்கான பார்லிமெண்டு நிலைக்குழுவின் தலைவராயிருந்த தோழர் வாசுதேவ ஆசார்யா அவர்கள், அந்தக் காட்டு ஸ்டேஷனில் வேலை பார்க்க விருப்பமில்லாத சிப்பந்திகள் கட்டிவிட்ட கதைதான் இந்தப் பேய் என்று வெளிப்படையாகவே சொன்னார். இது நம்புவதற்குக் கஷ்டமான விஷயமல்ல. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள். போக மனமில்லாதவர் பேய் என்றார்.

ஆனால் சிப்பந்திகளை மாத்திரம் குற்றம் சொல்லிவிட்டு நாம் நின்றுவிடக் கூடாது. பட்டணத்தில் வளர்ந்த ஒருவனைப் பெண்டு பிள்ளைகளோடு காட்டில் கொண்டுபோய்ப் போட்டு, நல்ல வீடும், வைத்தியரும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும், துணைக்கு ஆளும் கொடுக்காமல் விட்டால் அவன் என்ன செய்வான்? எனக்கு இங்கே இருக்கக் கஷ்டமாயிருக்கிறது என்று எழுதினால் அந்தக் காகிதம் குப்பைத் தொட்டிக்குப் போகும். பேய் இருக்கிறது என்று சொன்னால் மேலதிகாரியும் கேட்பான். ஆகவே அவனுக்குப் பேயே மனுவாயிற்று. நியாயமான குறையைச் சொன்னால் காது கொடுக்காமல், பொய்ப் பேயைச் சொன்னால் காது கொடுக்கிற நிர்வாகம், பொய்யை உற்பத்தி செய்கிற தொழிற்சாலையே ஆகும்.

இருவருக்கும் இவ்வளவு சௌகரியம் செய்து கொடுத்த பேய், ஊராருக்குச் செய்தது என்ன? பக்கத்து ஸ்டேஷனுக்கு நடக்க வைத்தது. பிரசவ வேதனைப்பட்டவளையும் காய்ச்சல்காரனையும் மாட்டுவண்டியில் ஏற்ற வைத்தது. மூட்டையைத் தலையில் சுமந்து சந்தைக்குப் போகிறவனை விடியுமுன் புறப்பட வைத்தது. தன் ஊர் வழியாகவே ஓடுகிற வண்டியைக் கைகட்டிப் பார்த்து நிற்க வைத்தது. 1967இல் பிறந்த குழந்தை வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடம் முடிக்கும் வரையில் அந்த ஊரில் ஒரு வண்டி நிற்கவில்லை.

இந்தக் காலத்தில் தேசத்தில் என்னென்ன நடந்தது பாருங்கள். 1975இல் ஆரியபட்டா என்னும் துணைக்கோள் வானத்தில் ஏவப்பட்டது. 1976இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று எழுதி வைத்தார்கள். அப்படி எழுதியபோது, எழுதிய சர்க்காரின் சொந்த ரயில்வே ஒன்பது வருஷமாய்ப் பேய்க்குக் கீழ்ப்படிந்து நடந்துகொண்டிருந்தது! 2008ஆம் வருஷம் சந்திரயான் சந்திரனுக்கே போய்ச் சேர்ந்தது. சந்திரனுக்கு வழி கண்டுபிடித்த தேசத்துக்குப் பேகுன்கோதரில் ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்த அப்போதும் வழி கிடைக்கவில்லை. குற்றம் விஞ்ஞானத்தின் மேல் இல்லை. ஏழைகள் இருக்கிற இடத்துக்கு விஞ்ஞானம் வரவேண்டிய அவசியமில்லை என்று நினைக்கிற மனப்பான்மையின் மேல்தான் இருக்கிறது.

வெள்ளைச் சேலை

இன்னொரு விஷயத்தையும் நாம் சொல்லாமல் விடுவதற்கில்லை. பேய் என்றால் ஏன் எப்பொழுதும் பெண்ணாகவே இருக்க வேண்டும்? ஏன் அவள் வெள்ளைச் சேலையே கட்டியிருக்க வேண்டும்? வங்காளத்தில் வெள்ளைச் சேலை கட்டவைக்கப்பட்டவர்கள் யார்? புருஷனை இழந்த பெண்கள். உயிரோடு கொளுத்துவதை 1829இல் சட்டம் போட்டு நிறுத்த வேண்டியிருந்தது. மறுமணம் செய்துகொள்ளலாம் என்பதற்கு 1856இல் வித்யாசாகர் பாடுபட்டு ஒரு சட்டம் வாங்கவேண்டியிருந்தது. சட்டம் வந்தும், தலையை மழித்து, நகையைக் கழற்றி, ஒரு வேளைச் சோறு போட்டு, வெள்ளைத் துணி சுற்றி மூலையில் உட்கார வைத்த பெண்கள் எத்தனை ஆயிரம்! உயிரோடு இருக்கும்போது எதிரே வந்தால் அபசகுனம் என்று ஒதுக்கினார்கள். அதே உருவத்தைச் செத்த பிறகு பேயாக்கி அதற்கும் பயப்படுகிறார்கள். ஒரு சமூகத்தின் பேய்க் கதையைப் பார்த்தால் அந்தச் சமூகம் யாருக்கு அநியாயம் செய்தது என்பது தானே தெரியும்.

பேய் நம்பிக்கையால் என்ன கெடுதல், இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சொல்லுகிற மிதவாதிகள் இதையும் கவனிக்க வேண்டும். புருலியாவை அடுத்துள்ள சோட்டாநாகபுரிப் பிரதேசத்தில் சூனியக்காரி என்று பட்டம் கட்டி ஏழைப் பெண்களை அடித்துக் கொல்லுகிற கொடுமையைத் தடுக்க, 1999இல் பீகார் சர்க்கார் தனிச் சட்டமே செய்யவேண்டி வந்தது. ஜார்க்கண்ட் தனியாகப் பிரிந்த பிறகு அங்கும் அது சட்டமாயிற்று. தண்டவாளத்தில் பேயைக் காண்கிற கண்ணும் அண்டைவீட்டுக் கிழவியிடம் சூனியத்தைக் காண்கிற கண்ணும் ஒரே கண்தான். ஓரிடத்தில் ஸ்டேஷன் மூடுகிறது. மற்றோர் இடத்தில் உயிர் போகிறது. வித்தியாசம் அவ்வளவே.

ஒரே ஒரு இரவு

ஸ்டேஷன் எப்படித் திறந்தது? மந்திரவாதி வந்து வேப்பிலை அடித்தா? ஆவிக்குச் சாந்தி செய்தா? இல்லை. ஊர் ஜனங்கள் குழு அமைத்து, மனு எழுதி, மேலே உள்ளவர்களைத் தொந்தரவு செய்தார்கள். படிப்பில்லாதவர்கள், பேய் நம்பிக்கையில் மூழ்கியவர்கள் என்று பட்டணத்தார் எவர்களைப் பரிகாசம் செய்தார்களோ, அவர்களே ஸ்டேஷன் வேண்டும் என்று கேட்டார்கள். மம்தா பானர்ஜி அம்மையார் ரயில்வே மந்திரியாயிருந்தபோது, 2009இல், வண்டி மறுபடியும் நின்றது. நின்ற வண்டியைப் பேய் கவிழ்த்துவிடவில்லை. ஏறியவர்கள் சேரவேண்டிய ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

என்றாலும் பேச்சு ஓயவில்லை. ஆகவே 2017ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், மேற்கு வங்காளத்து விஞ்ஞானப் பிரசார இயக்கமான பச்சிம் பங்க விக்ஞான் மஞ்ச் என்னும் சங்கத்தார் ஒன்பது பேர், டார்ச் விளக்கும் காமிராவும் திசைகாட்டியும் எடுத்துக்கொண்டு, போலீஸ் காவலுடன் அந்த ஸ்டேஷனுக்குப் போய் இரவு முழுவதும் தங்கினார்கள். பேய் வரவில்லை. ஆனால் ஸ்டேஷனுக்குப் பின்னால் மறைந்து நின்று சத்தம் செய்து பயமுறுத்தப் பார்த்த சில ஆட்கள் இருந்தார்கள் என்றும், துரத்தியதும் ஓடிவிட்டார்கள் என்றும் அந்தச் சங்கத்தார் அறிவித்தார்கள். பேய்க்குக் காலில்லை என்பார்கள். இந்தப் பேய்களுக்குக் கால் இருந்ததோடு, ஓடவும் தெரிந்திருந்தது!

இந்த முறை புதிதல்ல. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வாழ்ந்து, 1978இல் மறைந்த டாக்டர் ஆபிரகாம் கோவூர் அவர்கள் தம் வாழ்நாளில் பேய், பிசாசு, கல் விழுதல், சாம்பல் கொட்டுதல் என்று சொல்லப்பட்ட இடங்களுக்கெல்லாம் நேரில் போய் விசாரித்தார். அமானுஷ்ய சக்தியை யாராவது மோசடியில்லாமல் காட்டினால் லட்சம் ரூபாய் தருவதாகவும் 1963இல் அறைகூவினார். அந்தப் பணத்தை அவரிடமிருந்து ஒருவரும் வாங்கவில்லை. பேய் இருக்கிறதா இல்லையா என்று திண்ணையில் உட்கார்ந்து வாதாடுவது அவருடைய வழி அல்ல. இடத்துக்குப் போ, விசாரி, மனிதக் கை எங்கே இருக்கிறது என்று தேடு என்பதே அவருடைய வழி.

புருலியா மக்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதும் அல்ல. அந்த ஜில்லாவின் சௌ என்னும் ஆட்டம் உலகப் பிரசித்தி பெற்றது. சரிதா என்னும் கிராமத்துத் தொழிலாளிகள் காகிதக் கூழும் களிமண்ணும் துணியும் கொண்டு அரக்கனுடைய முகமூடியைச் செய்கிறார்கள். எவ்வளவு கோரமான முகமூடியானாலும் உள்ளே ஆடுகிறவன் பக்கத்துத் தெரு ஆசாமி என்பது அங்குள்ள சிறுபிள்ளைக்கும் தெரியும். ஸ்டேஷன் பேயின் முகமூடியையும் அப்படிக் கழற்றிப் பார்க்க அவர்களுக்கு ஒருவர் துணை நிற்கவேண்டியிருந்தது.

நம்முடைய கேள்வியெல்லாம் இதுதான். 42 வருஷம் என்றால் 15,000 இரவுகளுக்கு மேல் ஆகிறது. அவற்றில் ஒரே ஒரு இரவு, ஒரு பெரிய உத்தியோகஸ்தர் நான்கு சேவகர்களோடு அந்த ஸ்டேஷனில் படுத்து எழுந்திருந்தால் விஷயம் முடிந்திருக்குமே! ஒன்பது பேர் ஒரு இரவில் செய்ததை ஒரு ரயில்வே 42 வருஷத்தில் ஏன் செய்யவில்லை? செய்ய முடியாததாலா? செய்ய வேண்டும் என்று தோன்றாததாலா?

இப்போதைய நிலை

2009இல் திறந்தார்களே, அதோடு குறை தீர்ந்ததா என்றால் முழுவதும் தீர்ந்தது என்று சொல்லுவதற்கில்லை. திறந்தது பழைய மாதிரி ஸ்டேஷனாக அல்ல. ஹால்ட் என்று சொல்லப்படும் வெறும் நிறுத்தமாக. ஹால்ட் என்றால் என்ன? ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. வண்டி ஒதுங்க வேறு பாதை கிடையாது. டிக்கட் விற்பவர் ரயில்வேயின் சம்பளக்காரர் அல்ல. விற்கிற டிக்கட்டுக்குக் கமிஷன் பெறுகிற தனி நபர். வண்டி வரும் நேரத்துக்கு வந்து, விற்றுவிட்டு, வீட்டுக்குப் போய்விடுவது அவருடைய ஏற்பாடு. பொழுது சாய்ந்தால் அங்கே ஆள் தங்குவதில்லை என்று செய்தி எழுதியவர்கள் எல்லாம் அதைப் பேயின் கணக்கில் எழுதினார்கள். விளக்கும் காவலும் இல்லாத எந்த ஹால்ட்டில்தான் இரவில் ஆள் தங்குவார்கள்?

இதற்குமேல் இன்னொரு வியாபாரமும் கிளம்பியிருக்கிறது. பேய் ஸ்டேஷன் என்று பத்திரிகையிலும் டெலிவிஷனிலும் படம் போட்டுக் காட்ட, பட்டணத்து வாலிபர்கள் பயத்தை விலை கொடுத்து வாங்க அங்கே போக ஆரம்பித்தார்கள். முன்பு வேலை செய்யாமல் இருப்பதற்குப் பேய் பயன்பட்டது; இப்போது காசு பண்ணுவதற்குப் பயன்படுகிறது. அன்று வந்தவனை விரட்டிய பேய் இன்று வராதவனை அழைக்கிறது. இரண்டிலும் கிராமத்தானுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. அவன் கேட்பது பேய் பார்க்க வரும் வேடிக்கைக்காரனை அல்ல. மழைக்கு ஒதுங்கக் கூரை, குடிக்கத் தண்ணீர், இரவுக்கு விளக்கு, நேரத்துக்கு நிற்கும் வண்டி ஆகிய இவ்வளவுதான் அவன் கேட்பது.

ரயில்வேயாருக்கு நாம் சொல்லுவது: பேகுன்கோதரைப்போல் சிறு ஸ்டேஷன்கள் தேசமெங்கும் இருக்கின்றன. அவற்றில் எதையாவது மூடுவதாயிருந்தால் காரணத்தைக் காகிதத்தில் எழுதி, கணக்கோடு ஊராருக்குக் காட்டி, அவர்கள் பதிலையும் கேட்டு முடிவு செய்யட்டும். ஒதுக்குப்புற ஸ்டேஷனில் வேலை செய்கிறவர்களுக்கு நல்ல வீடும், விளக்கும், துணையும், சிறப்புப் படியும் கொடுக்கட்டும். அவர்களுடைய நியாயமான குறையைக் கேட்கிற வழக்கம் ஏற்பட்டால் பேய்க்கு வேலை இல்லாமற் போகும்.

தோழர்களுக்கு நாம் சொல்லுவதும் உண்டு. பேய் இருக்கிறது என்று யாராவது சொன்னால், இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். அந்தப் பேய் எதை மூடிவைத்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு கிணற்றை மூடியிருக்கலாம். ஒரு பாதையை மூடியிருக்கலாம். ஒரு பெண்ணின் சாவை மூடியிருக்கலாம். ஒரு உத்தியோகஸ்தனின் சோம்பேறித்தனத்தை மூடியிருக்கலாம். விளக்கை எடுத்துக்கொண்டு நான்கு பேராய்ப் போய் ஒரு இரவு அங்கே தங்குங்கள். விடிந்ததும் ஊராரைக் கூட்டிக் கண்டதைச் சொல்லுங்கள். பிறகு அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, மூடியதைத் திறக்கவேண்டும் என்று மனு எழுதுங்கள். பேகுன்கோதரில் ஊராருடைய மனு ஸ்டேஷனைத் திறந்தது. ஒன்பது பேருடைய ஒரு இரவு பேயை ஓட்டியது. இரண்டும் 1967ஆம் வருஷத்திலேயே நடந்திருந்தால் அந்த ஏழை ஜனங்களுக்கு 42 வருஷம் மிச்சமாயிருக்கும்.